நீச்சலும் ஒரு பாடமே
பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கு



செப்டெம்பர் மாதம் பாடசாலை தொடங்கியதும் பிள்ளையின் புத்தகப்பைக்குள் ஒரு சிறு கடிதம் வரும். வகுப்புப் பிள்ளைகள் கிழமையில் ஒருநாள் நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிச் செல்லப்படுவார்கள். நீச்சலுடை, துவாய், தலைக்குத் தொப்பி ஆகியவற்றைக் கொடுத்து அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கணிதப் பாடத்துக்குக் கொம்பாஸ் பெட்டி வேண்டும் என்றால் அன்றைக்கே கடைக்கு ஓடுகிற நாம், இந்தக் கடிதத்தை மட்டும் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்க்கிறோம். "தடிமன் பிடிக்கும்", "பெண்பிள்ளை, வேண்டாம்", "இதென்ன படிப்போ, விளையாட்டுத்தானே" என்று வீட்டுக்கு வீடு ஒரு காரணம். சில வீடுகளில் டொக்டரிடம் போய் ஒரு துண்டும் வாங்கியாகிவிடும்.

நான் தொழிலால் கணக்காளன். நீச்சல் ஆசிரியன் அல்லன். ஆனால் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று பார்ப்பது என் தொழில். அப்படிப் பார்த்தால், பாடசாலை தருகின்ற பாடங்களுள் பிள்ளையின் உயிரை நேரடியாகக் காக்கக்கூடிய பாடம் இது ஒன்றுதான். அதைத் தட்டிக்கழிக்காமல், ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒரேயளவாகப் பெற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கடலின் நடுவே பிறந்தவர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஆயினும் கடலும் களப்பும் கேணியும் கிணறும் எம்மைச் சூழ இருந்தன. வன்னியில் குளங்கள், மட்டக்களப்பில் வாவி. கீரிமலையில் கடலோரமாகவே நன்னீர் ஊற்றுக் கேணி. அங்கு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இவ்விடங்களில் நீச்சல் கற்பித்தவர் எவரும் சம்பளம் வாங்கியதில்லை. தமையனோ மாமனோ வாழைக்குற்றியைப் பிடிக்கக் கொடுப்பார், அல்லது காய்ந்த தேங்காய் இரண்டை இடுப்பில் கட்டிவிடுவார். சில நாட்களில் பிள்ளை தானாக மிதக்கும்.

இந்த மண்ணிலிருந்துதான் உலகறிந்த நீச்சல் வீரர்களும் வந்தார்கள். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை நீந்திக் கடந்து, மீண்டும் நீந்தியே திரும்பினார். போகவும் வரவும் எடுத்தது 51 மணித்தியாலம். அவர் 1984 ஓகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். அவருடைய வாழ்விலிருந்து எமது பிள்ளைகள் இரண்டு பாடங்கள் படிக்கலாம். பழகினால் மனித உடலால் எவ்வளவு முடியும் என்பது ஒன்று. எவ்வளவு பெரிய வீரனுக்கும் தண்ணீர் தண்ணீர்தான், அதிலும் குளிர்ந்த கடல் வேறொரு கடல் என்பது மற்றையது.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்த நாம், பாரிசிலே தொடர்மாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறோம். பிள்ளைகள் கண்ட ஆழமான தண்ணீர் குளியல்தொட்டியில் உள்ளதுதான். இங்கே கேணியும் இல்லை. கற்றுக்கொடுக்கத் தமையன்மாருக்கு நேரமும் இல்லை. ஊரில் உறவு செய்த வேலையை இங்கு பாடசாலையும் தடாகமும்தான் செய்ய வேண்டும்.

2. பயம் எங்கிருந்து வந்தது?

எமது பெற்றோர் பலருக்குத் தண்ணீர் என்றால் விளையாட்டு நினைவு வருவதில்லை. 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேசுவரம் போனவர்கள் இருக்கிறார்கள். 2009இல் நந்திக்கடலைப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் கடந்தவர்களும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் உறவை இழக்காத குடும்பம் குறைவு. இவற்றையெல்லாம் கண்டவர்கள் பிள்ளையைத் தண்ணீருக்கு அருகே விட அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு எழுதப்பட்ட ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்று, பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக இறந்தார்கள் என்று காட்டியது. அதற்குரிய காரணங்கள் பல. பிள்ளைகளையும் முதியோரையும் காப்பாற்ற நின்றது ஒன்று. உடுத்திருந்த உடை ஒன்று. இலங்கையைப் பற்றிக் கூறும்போது, நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கியிருந்தார்கள் என்பதையும் அவ்வாய்வு ஒரு காரணமாகச் சொன்னது. அப்பேரலையில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இறந்தார்கள். நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பர் என்று சொல்வது பொருந்தாது. ஆனாலும் தமையனுக்குக் கொடுத்த ஒரு வாய்ப்பைத் தங்கைக்குக் கொடுக்காமல் விட்டோம் என்பது உண்மை.

பயத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. பிள்ளையைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைப்பது முதலாவது. அது பிள்ளை எம் கண்முன் இருக்கும் வரைக்கும்தான் பயன்படும். பதினைந்து வயதில் சிநேகிதர்களுடன் கால்வாய்க் கரைக்குப் போகும் நாளில் நாம் அருகில் இருக்க மாட்டோம். தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்று கற்பித்து வைப்பது இரண்டாவது விடை. அது பிள்ளையுடனேயே போகும்.

3. கற்பித்தால் உண்மையில் உயிர் காக்கப்படுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பத்தில் ஒன்பது மரணங்கள் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் நடப்பவை. இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை. இதன் பாரத்தை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் சபை 2021இல் யூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

கற்பித்தால் பயன் உண்டா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது பங்களாதேஷின் கிராமங்களில். அங்கு வீட்டுக்கு வீடு குளம். நீச்சல் தடாகம் கட்டப் பணம் இல்லை. ஆகவே ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடை அமைத்து, ஆழம் குறைந்த ஓர் இடத்தை அடைத்து, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊரவரைக் கொண்டே நீச்சலும் மீட்பு முறையும் பழக்கினார்கள். இந்த முயற்சியை ஆராய்ந்து 2012இல் வெளியான கணிப்பு, பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது என்று கூறியது. பயிற்சிக்கு வயது போதாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தாய்மார் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் பார்த்துக்கொள்ளும் இல்லங்களை அமைத்தார்கள். அங்கும் மரணங்கள் பெருமளவு குறைந்தன.

இதில் எமக்குள்ள பாடம் என்ன? சிறு குழந்தைக்குக் காவல் பெரியவரின் கண். வளர்ந்த பிள்ளைக்குக் காவல் அது கற்ற கல்வி. இரண்டில் எதுவும் பெருஞ்செல்வம் கேட்பதில்லை.

4. நாம் வாழும் இடத்தின் நிலை

பிரான்சிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 பேர் தற்செயலாக நீரில் மூழ்கி இறக்கிறார்கள். வெயில் கூடினால் தொகையும் கூடும். 2025ஆம் ஆண்டு யூன் 1ஆம் திகதி முதல் யூலை 2ஆம் திகதி வரையில் மட்டும் 109 பேர் இறந்தார்கள். முந்திய ஆண்டில் அதே காலத்தில் இறந்தோர் 69 பேர்.

எமது கடைகளும் ஆலயமும் லாச்சப்பலில் இருந்தாலும், வீடுகள் பெரும்பாலும் 93இல் இருக்கின்றன: லா கூர்னேவ், பொபினி, டிரான்சி, ஒல்னே முதலிய ஊர்களில். அந்த மாவட்டத்தில் கொலேஜின் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது என்று அதிகாரிகளே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சனத்தொகைக்கேற்ற தடாகங்கள் இல்லை. இருப்பவற்றிலும் பல பழையவை, திருத்த வேலைக்காக மூடப்படுபவை. வசதியுள்ள குடும்பத்தின் பிள்ளை விடுமுறையில் கடற்கரைக்குப் போய், தனிப்பட்ட ஆசிரியரிடம் கற்றுக்கொள்கிறது. இரண்டு வேலை செய்யும் தகப்பனின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. ஆகையால் பாடசாலை வகுப்பு எமது பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம்.

நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2024 ஒலிம்பிக் போட்டிகளுக்காக சன்-டெனியில், பெரிய விளையாட்டரங்குக்கு எதிரே கட்டப்பட்ட நீச்சல் மையம் 2025இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போட்டிகளை ஒட்டி 2021 முதல் கோடை காலத்தில் தற்காலிகத் தடாகங்களை வைத்துச் சிறுவர்களுக்கு இலவசமாக நீச்சல் பழக்கும் திட்டமும் 93இல் நடத்தப்பட்டது. லாச்சப்பலைச் சுற்றியே பழம்பெரும் தடாகங்கள் உண்டு. ஷாத்தோ-லாந்தோன் தெருவிலுள்ள தடாகம் 1884இல் திறக்கப்பட்டது. பாரிசின் மூடிய தடாகங்களில் மிகப் பழையது. ஏபேர் சதுக்கத்துத் தடாகமும் நடந்து போகும் தூரத்தில்தான். புறப்படுமுன் திறந்திருக்கிறதா என்று மாநகரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மெரியிலும் பிள்ளைகளுக்கான கோடைகால வகுப்பு உண்டா, கட்டணச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். கேளாதவர்களுக்கு எவரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

5. பாடசாலை எதைக் கற்பிக்கிறது?

பிள்ளையை வேகமாக நீந்த வைப்பது பாடசாலையின் நோக்கம் அன்று. தண்ணீரில் தவறி விழுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வதே நோக்கம். ஆரம்பப் பாடசாலையின் கடைசி இரு வகுப்புகளுக்கும் கொலேஜின் முதல் வகுப்புக்கும் இடையில் பிள்ளை ஒரு சான்றிதழைப் பெற வேண்டும். 2022 முதல் அதன் பெயர் "பாதுகாப்பாக நீந்தத் தெரியும்" என்ற பொருள்படும்படி அமைந்துள்ளது. பரீட்சை இப்படி நடக்கும்:

முதலில், கரையிலிருந்து பிள்ளை பின்பக்கமாகத் தண்ணீரில் விழ வேண்டும். உண்மையில் தவறி விழுபவன் முகத்தை முன்னே வைத்து ஆயத்தமாக விழுவதில்லை அல்லவா?

பின்பு மூன்றரை மீற்றர் நீந்திச் சென்று, ஒரு தடையின் கீழே முழுவதும் மூழ்கி ஒன்றரை மீற்றர் கடக்க வேண்டும்.

அடுத்து, குப்புறப் படுத்தபடி 15 மீற்றர். இடையில் ஒலி எழுப்பினால் நின்ற நிலையில் 15 விநாடி மிதக்க வேண்டும்.

பின்னர் கரையைத் தொடாமல் திரும்பி, மல்லாந்தபடி 15 மீற்றர். இதிலும் இடையில் 15 விநாடி அசையாமல் மல்லாந்து மிதக்க வேண்டும்.

கடைசியாக மறுபடியும் குப்புறத் திரும்பி, தடையின் கீழே மூழ்கிக் கடந்து, தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் இடையில் கரையைப் பிடிக்காமல், நீச்சல் கண்ணாடி இல்லாமல் செய்ய வேண்டும். ஆபத்து என்றால் யாரிடம் சொல்வது, தடாகத்தில் எப்படி நடந்துகொள்வது, எந்தெந்த இடத்தில் நீந்தலாம் என்பவற்றையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். இச்சான்றிதழ் இருந்தால் விடுமுறை முகாம்களில் படகோட்டுதல் போன்ற நீர் விளையாட்டுகளில் சேரவும் வழி பிறக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கல்வி அமைச்சின் வழிகாட்டலின்படி, ஆரம்பப் பாடசாலைக் காலத்தில் மூன்று அல்லது நான்கு தொடர்கள் இருப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் 10 முதல் 12 வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் தண்ணீருக்குள் கழியும் நேரம் 30 முதல் 40 நிமிடம். குறைந்தபட்சமாக எடுத்தால் ஒரு தொடர் என்பது 10 தரம் 30 நிமிடம், அதாவது 5 மணித்தியாலம். நான்கு தொடர்களும் கிடைத்தாலும் 20 மணித்தியாலம்தான். ஐந்து வருடத்தில் இருபது மணித்தியாலம்! ஒரு தொடரில் மூன்று வகுப்புக்குப் பிள்ளை போகாமல் விட்டால் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். மிதக்கப் பழகிய வகுப்பைத் தவறவிட்ட பிள்ளை, நீந்தப் பழகும் வகுப்பில் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

6. பெண்பிள்ளைகளும் டொக்டரின் துண்டும்

இந்நாட்டில் பாடசாலை நீச்சல் உடற்கல்விப் பாடத்தின் ஒரு பகுதி; விரும்பினால் போகலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்பதல்ல. மருத்துவச் சான்றிதழ் உண்மையான நோய்க்கு உரியது. சுவிற்சர்லாந்தில் தம் மகள்மாரை ஆண்களும் பெண்களும் சேர்ந்த நீச்சல் வகுப்புக்கு அனுப்ப மறுத்த பெற்றோரின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2017 ஜனவரியில் வெளியான தீர்ப்பு, பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து முழுக்கல்வியையும் பெறுவதே முக்கியம் என்று கூறியது.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெண்பிள்ளையை வகுப்புக்கு அனுப்பத் தயங்கும் தாய்மாரின் கவலைகள் உண்மையானவை. அவற்றுக்குத் தீர்வும் உண்டு.

உடை: பள்ளி மாணவிகளுக்கு ஒரே துண்டான, உடலை ஒட்டிய நீச்சலுடை போதுமானது. இன்னும் சற்று மூடிய உடை ஏற்கப்படுமா என்பதை அந்தத் தடாகத்தின் விதியைப் பார்த்து ஆசிரியரிடம் கேளுங்கள். ஆண்பிள்ளைகளின் தொளதொளத்த அரைக்காற்சட்டையும் பெரும்பாலான தடாகங்களில் அனுமதிக்கப்படுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தலைமுடி: நீச்சல் நாளுக்கு முதல்நாள் இரவு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைக்க வேண்டாம். முடியை இறுக்கிப் பின்னிக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் விடலாம். நீந்திய பின் நல்ல தண்ணீரில் அலசி, தலையை நன்றாகத் துவட்டி, காய்ந்த பின் எண்ணெய் வையுங்கள். தண்ணீரில் நனைவதால் தடிமன் வருவதில்லை. அது தொற்றினால் வருவது. ஆனாலும் மாரிகாலத்தில் ஈரத்தலையோடு வெளியே வராதிருக்க ஒரு கம்பளித் தொப்பி கொடுத்து விடுங்கள்.

நகை: சங்கிலி, காப்பு, தொங்கும் தோடு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். அவை சிக்கிக்கொள்ளும், தொலையவும் கூடும்.

மாதவிலக்கு: அந்த நாள் வந்தால் அந்த ஒரு வகுப்பைப் பற்றி ஆசிரியையிடம் ஒளிவுமறைவின்றிக் கதைக்கலாம். அதற்காக முழுத் தவணைக்கும் துண்டு வாங்க வேண்டியதில்லை. பெரியபிள்ளையானதும் நீச்சலை நிறுத்துவது, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பாதியில் பறிப்பதற்குச் சமம்.

7. வீட்டிலும் தடாகத்திலும் நாம் பழக்கக்கூடியவை

நீச்சல் ஆசிரியரின் வேலையை நாம் செய்ய முடியாது. ஆனால் பிள்ளை பயமின்றி வகுப்புக்குப் போக வழி செய்யலாம்.

அ. மூச்சு. குளிக்கும்போது முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயாலும் மூக்காலும் குமிழி விடப் பழக்குங்கள். தண்ணீருக்கு வெளியே மூச்சை எடுப்பது, உள்ளே விடுவது: நீச்சலின் அரிச்சுவடி இதுதான்.

ஆ. மிதத்தல். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் மனித உடல் பெரும்பாலும் மிதக்கும். நுரையீரல்தான் எமது மிதவை. தலையைத் தூக்கினால் கால் தாழும். காது நனையத் தலையைப் பின்னே சாய்த்து, வயிற்றை உயர்த்தி, கைகளை விரித்தால் உடல் மேலே நிற்கும். ஆழம் குறைந்த இடத்தில் பிள்ளையின் தலையின் கீழும் முதுகின் கீழும் உள்ளங்கையைத் தாங்கிக் கொடுங்கள். கை மெல்ல விலகட்டும். சொல்லாமல் திடீரென்று எடுக்க வேண்டாம். ஏமாந்த பிள்ளை மறுநாள் வராது.

இ. எழுந்து நிற்றல். மிதந்த பிள்ளை முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, காலை ஊன்றி எழும்பப் பழக வேண்டும். எழும்பத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

ஈ. கரையைப் பிடித்தல். விழுந்தவுடன் திரும்பிக் கரையைப் பிடிப்பது, பிடித்தபடி பக்கவாட்டில் நகர்ந்து ஏணிக்கு வருவது.

பயந்த பிள்ளையைத் தள்ளிவிட்டுப் பழக்கும் ஊர்வழக்கம் இங்கு வேண்டாம். காற்றடித்த கைப்பட்டியும் வளையமும் உதவிக்கே. அவை பெரியவரின் கண்ணுக்கு ஈடாகா.

8. கோடைகாலத்தில் கவனிக்க வேண்டியவை

கோடையில் பல குடும்பங்கள் சேர்ந்து ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் போகிறோம். தாய்மார் சோற்றுப் பொதி பிரிப்பார்கள். தகப்பன்மார் அரசியல் கதைப்பார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் தண்ணீரில் நிற்பார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் எண்ணுவதால் எவரும் பார்ப்பதில்லை. ஒரு கடையில் பணப்பெட்டித் திறப்பு ஒருவர் கையில்தான் இருக்கும். அவர் போகும்போது இன்னொருவர் கையில் கொடுத்து, சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைக்காவலும் அப்படியே. கால் மணித்தியாலத்துக்கு ஒருவர். கையில் தொலைபேசி இல்லாமல். முறை முடிந்ததும் அடுத்தவரின் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சிறு பிள்ளை என்றால் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை. சினிமாவில் போலக் கையசைத்துக் கூப்பிடுவதும் இல்லை. மூச்சுக்கே போராடுகிறபோது குரல் வராது. விளையாடிச் சத்தமிட்ட பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள். வீட்டில் குளியல்தொட்டியிலும் இது நடக்கும். சிறு குழந்தை மூழ்குவதற்கு 20 சென்ரிமீற்றர் தண்ணீர் போதும். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும், அல்லது பிள்ளையையும் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள்.

கடற்கரைக் கொடிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பச்சை: காவல் உண்டு, ஆபத்துக் குறைவு. மஞ்சள்: காவல் உண்டு, ஆனால் ஆபத்து உண்டு. சிவப்பு: இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு இடையிலேதான் காவலாளர் பார்க்கிறார்கள், அதற்குள்ளேயே நீந்துங்கள். மேற்குக் கடற்கரையில் நீரோட்டம் ஆளை வெளியே இழுக்கும். அப்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. மிதந்துகொண்டு கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையிலிருந்து விலக வேண்டும்.

பாரிசிலே 1923இல் தடைசெய்யப்பட்ட செயின் நதிக் குளிப்பு 2025 யூலையில் மூன்று இடங்களில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. லா வில்லெத் கால்வாய்த் தடாகத்திலும் 2017 முதல் கோடையில் குளிக்க இடம் ஒதுக்கப்பட்டு வருகிறது. இதைக் கேட்ட இளைஞர் சிலர் எந்தக் கால்வாயிலும் மார்ண் நதியிலும் குதிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. எல்லை கட்டி, காவல் வைத்த இடத்தில், திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அனுமதி. வெயில் எவ்வளவு எரித்தாலும் ஆழத்து நீர் குளிராகவே இருக்கும். திடீரென்று இறங்கினால் மூச்சுத் திணறும். மெல்ல நனைந்து இறங்குங்கள். மது அருந்தியவர் இறங்கவே கூடாது.

9. ஆபத்து நேர்ந்தால்

நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதிப்பதால் ஒரு மரணம் இரண்டாகும். முதலில் சத்தமிட்டுக் காவலாளரை அழையுங்கள். கயிறு, வளையம், வெற்றுப் பிளாஸ்ரிக் கலன், எது மிதக்குமோ அதை எறியுங்கள். தடியையோ துவாயையோ, கரையில் படுத்தபடி நீட்டுங்கள். 112, 18 அல்லது 15 என்ற இலக்கத்தை அழையுங்கள். கடலில் என்றால் 196.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் தலைக்குமேல் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் ஊரில் கண்ட முறைகள். அவை நேரத்தை வீணாக்கும், தீங்கும் செய்யும். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து தரம் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பின்பு நெஞ்சின் நடுவே 30 தரம் அழுத்தி, 2 தரம் ஊதி, உதவி வரும்வரை தொடர வேண்டும். இதைப் படித்தால் மட்டும் போதாது. செஞ்சிலுவைச் சங்கமும் தீயணைப்புப் படையினரும் நடத்தும் முதலுதவி வகுப்பு ஒருநாள் வேலைதான். வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும். தப்பிய பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

10. பெற்றோரும் மாணவர்களே

"நாற்பது வயதில் என்ன நீச்சல்?" என்று கேட்கிறோம். நாற்பது வயதில்தான் பிரெஞ்சு படித்தோம், வாகன அனுமதிப்பத்திரம் எடுத்தோம், வரிப் பத்திரம் நிரப்பப் பழகினோம். பல தடாகங்களில் வளர்ந்தோருக்கான தொடக்க வகுப்புகள் உண்டு. தண்ணீருக்குப் பயந்தவர்களுக்கென்றே தனி வகுப்புகளும் சில இடங்களில் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் தென்னிலங்கையில் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற பெண்மணி பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இலவசமாக நீச்சல் கற்பிக்கும் பணியைத் தொடங்கினார். கடலருகே பிறந்தும் ஒருநாளும் மிதந்தறியாத பெண்கள் அங்கு கற்றுக்கொண்டார்கள். அவர்களால் முடிந்தது எமது தாய்மாராலும் முடியும். தாய் தண்ணீரில் இறங்குவதைக் கண்ட மகளுக்கு வேறு அறிவுரை வேண்டியதில்லை.

வீட்டில் கேட்டுப் பார்க்க

பின்வரும் வினாக்களை இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் மேலே தேடிச் சேர்ந்து படியுங்கள்.

1. தலையைத் தூக்கினால் கால் ஏன் தாழ்கிறது?
2. சான்றிதழ்ப் பரீட்சையில் எந்தப் பக்கமாகத் தண்ணீரில் விழ வேண்டும்? ஏன்?
3. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் எதைக் குறிக்கின்றன?
4. நண்பன் தண்ணீரில் தத்தளிக்கிறான். நீ கரையில் நிற்கிறாய். முதல் மூன்று காரியங்கள் எவை?
5. இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் என்ன செய்யக் கூடாது?
6. பெற்றோருக்கு: உங்கள் வீட்டில் யார் யாருக்கு மல்லாந்து 15 விநாடி மிதக்கத் தெரியும்? தெரியாதவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தத் தடாகம், எந்த மாதம் என்று குறியுங்கள்.

ஆறாவது வினாவுக்கு விடை எழுதிய தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அடுத்த கோடைக்கு முன் அதிலுள்ள பெயர்களில் ஒன்றாவது வெட்டப்பட வேண்டும்.